கரி, நூல், உப்பு: தனுஷ்கோடியின் இரண்டு கடலையும் ஒரே வரிசையில் கொண்டுவர வழி கேட்கிறேன்

மணல்திட்டு

வணக்கம். தனுஷ்கோடியின் கடைசி மணல்முனையான அரிச்சல்முனையை வைத்து ஒரு வருட வேலை திட்டமிட்டிருக்கிறேன். 12 கரி ஓவியங்கள், மாதம் ஒன்று. 56 × 76 செ.மீ. காட்டன் காகிதம், 300 ஜிஎஸ்எம். காடா துணியில் 4 எம்பிராய்டரி, முடிந்த அளவு 60 × 90 செ.மீ. உப்பும் பனை ஓலையும் சேர்ந்த 3 சிற்பங்கள், இடுப்பு உயரம்.

கடையில் வாங்கிய சாயம் எதுவும் இல்லை. கறுப்பு, வெள்ளை, துரு, ஓலையின் நிறம், அவ்வளவுதான். தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று சொல்வார்களே, அந்த எதிரெதிர்தான் அடிப்படை. பொருள்கள் தாமாக மாறுவதும் வேலையின் பகுதியாக இருக்க வேண்டும்.

சிக்கல்கள்: சீமைக்கருவேலக் கரி காகிதத்தைக் கீறுகிறது, கறுப்பு ஏறவில்லை. துருக் கறை போட்ட துணி ஊசி பட்டதும் கிழிகிறது. நூலில் படிய வைத்த உப்பு இரண்டு வாரத்தில் ஒழுகுகிறது. இதில் எதைத் தடுப்பது, எதை விட்டுவிடுவது?

வாடைக்காற்று

கரி, நூல் விஷயத்துக்கு மற்றவர்கள் வருவார்கள். நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அடிப்படையிலேயே ஒரு திருத்தம் வேண்டும்.

"தெற்கு முரடு, வடக்கு அமைதி" என்பது பாதி வருடத்துக்குத்தான் உண்மை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்றில் தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா குளம் போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை எழும்பியதும் கதை தலைகீழ். வடக்குப் பக்கம் அலை அடிக்கும், தெற்கு அடங்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அடியில் கிடக்கும் சேறு கலங்கி மேலே வந்து நீர் பால் கலந்த தேநீர் நிறத்துக்குப் போகும்.

அதாவது உங்கள் 12 தாளில் கறுப்பு ஒரே பக்கம் நிற்கக் கூடாது. ஆடித் தாளில் தெற்கே அடர்கறுப்பு, வடக்கே வெறும் காகிதம். கார்த்திகைத் தாளில் கறுப்பு வடக்கே போய்விடும். நடுவே பங்குனியிலும் புரட்டாசிக் கடைசியிலும் இரண்டு கடலும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருக்கும் நாட்கள் வரும். அந்த இரண்டு தாளைத் தவற விடாதீர்கள். எதிரெதிர் இடம் மாறுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

நிலையான குறி ஒன்று வேண்டும். முனையின் மணல் நிலையாக நிற்பதில்லை, அதை வைத்து அளக்க முடியாது. சாலை முடியும் வட்டத்தில் நிற்கும் சிங்கத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். தூணிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தீர்கள், எந்த உயரத்தில் கண் இருந்தது என்பதை ஒவ்வொரு தாளின் பின்னாலும் எழுதுங்கள். கடல் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான். கரைக்கோட்டை அதிகம் நகர்த்துவது காற்றும் நீரோட்டமும். அதனால் காற்றுத் திசையையும் தேதியோடு குறியுங்கள். மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள், காலை வெளிச்சத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரிமூட்டம்

சீமைக்கருவேலக் கரி அடுப்புக்கு அருமை, காகிதத்துக்குக் கடினம். மரம் அடர்த்தியானது, கரியும் அப்படியே. அதை ஒதுக்க வேண்டாம், கூர்மையான சாம்பல் கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பனை மட்டை, வலைக் கயிறு, ஈரமணலின் வரி. பஞ்சு போன்ற ஆழ்கறுப்புக்கு மென்மரம் வேண்டும். முருங்கை அல்லது கல்யாண முருங்கைக் குச்சி எடுங்கள்.

செய்முறை: பென்சில் தடிமன், 12–15 செ.மீ. நீளம். பட்டையை உரித்து நிழலில் மூன்று வாரம் காய விடுங்கள். இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள், இடைவெளியில் உலர்ந்த மணல் கொட்டினால் குச்சி வளையாது. மூடியில் 3 மி.மீ. ஆணித் துளை ஒன்றே ஒன்று. அடுப்பில் வைத்ததும் முதலில் வெள்ளைப் புகை வரும், அது நீராவி. பிறகு மஞ்சளாக, கார நெடியோடு. அடுத்து வரும் மெல்லிய வாயுவில் தீக்குச்சி காட்டினால் பற்றும். அது அடங்கியதும் துளையைக் களிமண்ணால் அடைத்து இறக்கிவிடுங்கள். மறுநாள் காலை வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு கண் முன்னாலேயே சாம்பலாகும். உள்ளே பழுப்பாக இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம், திரும்ப அடுப்பில் ஏற்றலாம்.

கரி உதிராமல் நிலைநிறுத்த: மெழுகு நீக்கிய அரக்கு 2 கிராம், 100 மி.லி. ஸ்பிரிட்டில். 45 செ.மீ. தள்ளி நின்று, லேசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. நம் ஊரில் தவறு நடப்பது நேரத்தில்தான். காலை ஈரத்திலும் மழை மாதத்திலும் தெளித்தால் அரக்கு வெண்மை தட்டும், கறுப்பின் மேல் பால் ஆடை படிந்தது போல. உச்சி வெயில் நேரத்தில், காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் தெளியுங்கள், ஸ்பிரிட் ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டு. நடுச்சாம்பல்கள் ஒரு படி கறுக்கும் என்பதால் அவற்றை முதலிலேயே ஒரு படி வெளிறலாக விடுங்கள். ஆடை நீக்கிய பால் தெளிப்பார்கள் சிலர். கடற்கரையில் வேண்டாம், பூஞ்சைக்குத் தீனி அது.

ஊசிமுனை

தம்பி, துணி கிழிவது ஊசியால் இல்லை. இரும்பு மிஞ்சிவிட்டது. இரும்பு உப்பு பருத்தி நாரைக் காலப்போக்கில் அரிக்கும். புளிக்காடியும் (வினிகர்) கடல் உப்பும் சேர்ந்துவிட்டால் சீக்கிரமே. இப்படிச் செய்து பாருங்கள்.

காடா துணியை 70 × 100 ஆக வெட்டுங்கள், கொதித்ததும் சுருங்கும். நெசவுக் கஞ்சி போக ஒரு கிலோ துணிக்கு 25 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். நீர் டீ நிறத்தில் இறங்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் துணி உடனே குடிக்க வேண்டும். முத்தாக நின்றால் இன்னொரு கொதி.

காய்ந்த துணியை எடை போடுங்கள். 100 கிராம் துணிக்கு 15–20 கிராம் கடுக்காய்ப் பொடி, இரண்டு லிட்டர் தண்ணீரில், இரவு முழுக்க ஊற வேண்டும். பிழியுங்கள், அலசாதீர்கள். காயும்போது வெண்ணெய் நிறம் வரும். அடுத்து அன்னபேதி (இரும்பு சல்பேட்), 100 கிராம் துணிக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தொட்டு வரையுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பத்து எண்ணுவதற்குள் சாம்பலாகும், காற்றுப் பட்டுப் பட்டுக் கறுப்பாகும். மூன்று மடங்கு தண்ணீர் கலந்தால் மழைமேகச் சாம்பல் கிடைக்கும். அன்னபேதியைக் கூட்டிக் கறுப்பைத் தேடாதீர்கள், கடுக்காயை இரண்டாம் முறை கொடுங்கள்.

துருப் பதிவு தனி. பழைய படகு ஆணியைத் துணியில் சுற்றி, பாதிக்குப் பாதி நீர் கலந்த காடியில் நனைத்து 24 மணி நேரம். இரண்டு நாள் விட்டால் நிறம் நன்றாக இருக்கும், துணி இருக்காது. எடுத்ததும் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் அரை மணி நேரம். காடியின் புளிப்பு அதில் அடங்கும். கடைசி அலசலுக்குக் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது, குடிக்கிற நல்ல தண்ணீர்தான், மூன்று முறை.

எல்லாச் சாயமும் முடிந்து காய்ந்த பிறகுதான் ஊசி. துருக் கறையின் மேலேயே தைக்க வேண்டி வந்தால் பின்னால் ஒரு மல்மல் துணி வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள், பளுவை அது தாங்கும். இரவில் ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். நம் காற்றில் விடிவதற்குள் பழுப்புப் புள்ளி விழும், அது போகவே போகாது.

மணல்திட்டு

அக்கா, மிக்க நன்றி. அன்னபேதி அளவுதான் தவறு, 100 கிராமுக்கு 12 போட்டிருந்தேன். தையலில் இரண்டு கடலை எப்படிப் பிரிப்பது? கறுப்பு நூல், வெள்ளை நூல் என்று வைத்தால் மிக நேரடியாக இருக்கிறது.

ஊசிமுனை

நிறத்தால் பிரிக்க வேண்டாம், வெளிச்சத்தால் பிரியுங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை ஆங்கர் நூல், ஆறு இழையில் இரண்டு மட்டும். சாட்டின் தையலை ஒரு பக்கம் கிடையாகவும் மறு பக்கம் நெட்டாகவும் போடுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஒன்று பளபளக்கும், மற்றது மங்கும். பார்ப்பவர் மூன்றடி நகர்ந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். வாடைக்காற்று அண்ணன் சொன்ன அதே இடமாற்றம் ஒரே நூலில் நடக்கிறது. தையல் நீளம் 7 மி.மீ.க்கு மேல் வேண்டாம், தொய்ந்து மினுக்கம் போகும்.

தனுஷ்கோடி தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல் வெளியே தெரிகிறது. அருகே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரக் குழிகள், குழிக்குள் மெல்லிய தகடுகள் நடுவை நோக்கி நிற்கும். அதை முடிச்சுத் தையலால் நிரப்பாதீர்கள், முடிச்சு மேடு, அது பள்ளம். ஊசியால் துணியின் இழைகளை விலக்கி ஓட்டை ஆக்கி, சுற்றிலும் எட்டுப் பத்துத் தையலை அந்த ஒரே ஓட்டைக்குள் இறக்குங்கள். நூலை இழுக்க இழுக்கத் துளை விரியும். பவளக் குழி அப்படியே வரும்.

மாறுகிற தையல் வேண்டுமென்றால் கொக்கி ஊசியால் போடும் ஆரி இருக்கிறது. ஆரி சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியைப் பூட்டாவிட்டால் நுனியை இழுத்ததும் மொத்த வரியும் பிரிந்துவிடும். கரைக்கோட்டை ஆரியில் போட்டு, கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் ஒரு சாண் நூலைத் தொங்கவிடுங்கள். கண்காட்சி நடக்கும் நாட்களில் தினம் பத்துக் கண்ணி பிரிக்கலாம். பிரிந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும், நீர் வடிந்த தடம் மாதிரி.

உப்புப்பாத்தி

உப்பு ஒழுகுவதற்கு வருகிறேன். இஸ்ரேல் கலைஞர் சிகாலிட் லாண்டாவ் 2014இல் ஒரு கறுப்பு உடையைச் சாக்கடலில் இறக்கி, அது உப்பேறி வெள்ளையாவதைப் படமெடுத்தார். அதைப் பார்த்துவிட்டு நம் கடலில் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் பாசிதான் பிடிக்கும். சாக்கடல் சாதாரணக் கடலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. நமக்கு அந்த நீர் வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்தியில்தான் கிடைக்கும்.

கடல்நீர் உள்ளே வரும்போது ஹைட்ரோமீட்டரில் (நீரின் அடர்த்தி அளக்கும் கருவி) 3 டிகிரி சொச்சம்; இது சூடு இல்லை, போமே என்ற அடர்த்தி அளவு. வெயிலில் வற்றி 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு விழத் தொடங்கும். 28ஐத் தாண்டிய நீரை எடுக்காதீர்கள், அதில் மெக்னீசியம் கூடிக் கிடக்கும். உங்கள் நூல் ஒழுகுவதற்குக் காரணம் அதுதான். சுத்தமான உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடு அதில் பாதி ஈரத்திலேயே தண்ணீர் இழுக்கும். கடற்கரையில் வருடம் முழுக்க அதற்குப் போதுமான ஈரம் உண்டு.

தீர்வு எளிது. கடையில் கிடைக்கும் சுத்திகரித்த உப்பை, 10 லிட்டர் நல்ல தண்ணீரில் 4 கிலோ போட்டுக் கலக்குங்கள். 3.6 கிலோ வரைதான் கரையும், மிச்சம் அடியில் கிடக்க வேண்டும்; அப்போதுதான் நீர் நிறைந்திருக்கிறது என்று தெரியும். படிகம் ஏறிய நூலை இதில் இரண்டு முறை முக்கி எடுங்கள். நிறைந்த நீர் உங்கள் படிகத்தைக் கரைக்காது, ஒட்டியிருக்கும் மெக்னீசியக் கசப்பு நீரை மட்டும் கழுவிப் போகும். உப்பளத்திலும் உப்பைக் கழுவுவது இப்படித்தான்.

நைலான் வலை நூலில் படிகம் பிடிக்காது, வழுக்கும். முறுக்கிய பருத்தி நூல் நல்லது. பாத்திரத்தின் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் உப்பு சுவரேறி வெளியே வழியும். பெரிய கனசதுரப் படிகம் வேண்டுமா? மெல்லிய துணி மூடி நிழலில், ஆட்டாமல், மெதுவாக வற்ற விடுங்கள். வெயிலில் விரட்டினால் பொடிப்பொடியாக விழும்.

இன்னொன்று. உங்கள் கேள்விக்கு அதுதான் சரியான விடை என்று நினைக்கிறேன். உப்பு விழும் பாத்திக்கு முந்தைய பாத்தியில், 15 முதல் 24 டிகிரிக்குள், ஜிப்சம் படியும். நூலை முதலில் அங்கே கட்டித் தொங்கவிடுங்கள். நாள் கணக்கு வெயிலைப் பொறுத்தது. விரலால் தடவினால் மணல்தாள் மாதிரிச் சொரசொரப்பு வர வேண்டும். பிறகு 25 டிகிரி நீருக்கு மாற்றுங்கள், ஜிப்சத்தின் மேல் உப்பு ஏறும். உப்பு பளபளக்கும், ஈரம் வந்தால் போய்விடும். ஜிப்சம் மங்கல், தண்ணீரில் லேசில் கரையாது, காற்று ஈரத்துக்கு அசையாது. கார்த்திகையில் உப்பு ஒழுகித் தீர்ந்த பிறகு சாம்பல் வெள்ளை எலும்புக்கூடு நிற்கும். போகிறது ஒன்று, நிற்கிறது ஒன்று, இரண்டும் ஒரே கடல்நீர்.

உப்பள வேலை மழைக்கு முன் நின்றுவிடும். ஆவணிக்குள் நூலை ஏற்றி முடியுங்கள். பாத்திக்காரரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். சாயம் போட்ட துணியை எந்தக் காரணத்துக்கும் பாத்தியில் இறக்கக் கூடாது, அது சாப்பாட்டு உப்பு.

மூன்றாம்கரை

இவ்வளவு பாடுபட்டு ஒழுக விட வேண்டுமா? தெளிவான அக்ரிலிக் லாக்கர் இரண்டு கோட் அடித்தால் நிற்காதா? காட்சிக்கூடங்கள் மாறாத பொருளைத்தானே கேட்கின்றன.

உப்புப்பாத்தி

நிற்காது அண்ணே. லாக்கர் ஈரத்தை முழுசாகத் தடுப்பதில்லை. மெல்லப் புகுந்த ஈரம் உள்ளே உப்பைக் கரைக்கும், வெளியே வர வழியில்லாமல் பூச்சு மேகமூட்டமாகி, பிறகு தோலாகப் பிரியும். காக்க வேண்டிய துண்டு இருந்தால் கண்ணாடிப் பெட்டி, அடியில் சிலிக்கா ஜெல். நீல மணி இளஞ்சிவப்பானதும் எடுத்து வறுத்துத் திரும்பப் போடலாம். பெட்டிக்குள் இருப்பது ஒன்று, வெளியே இருப்பது ஒன்று என்று ஜோடியாக வைத்தால் காட்சிக்கூடத்துக்கும் விடை கிடைத்துவிடும்.

ஓலைக்கொட்டான்

ஓலையைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயல்குடிப் பக்கத்து ஓலை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குருத்தோலையும் சாரோலையும் இரண்டு பொருள். குருத்து காய்ந்தால் தந்த நிறம், மெல்லியது, எப்படியும் மடங்கும். சாரோலை முற்றியது, பச்சை போய்ப் பழுப்பேறும், விறைப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி முடைந்தால் முதல் மாதம் தந்தமும் பச்சையும் எதிரெதிராக இருக்கும். ஒரு வருடத்தில் இரண்டும் பழுப்பை நோக்கிப் போய் வித்தியாசம் சுருங்கும். இதைத் தடுக்க எந்தப் பூச்சும் தேட வேண்டாம், உங்கள் வேலைக்கு இது வரம்.

ஈர்க்கை முழுசாகக் கிழித்து எடுத்துவிட்டு, அரை அங்குல அகலத்தில் சீராக வாருங்கள். முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். நனையாத ஓலை மடிப்பில் வெடிக்கும், அதிகம் ஊறிய ஓலை காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளரும். முடைந்ததும் வெயிலில் நன்கு உலர்த்தாவிட்டால் மடிப்புக்குள் கரும்பூஞ்சை.

ஓலையின் முகம் வழவழப்பு, அதில் உப்புப் பிடிக்காது. பருத்தி நூலை ஓலை வழியே தைத்து, அந்த நூலில் உப்பை ஏற்றுங்கள். தைக்கும்போது கவனம்: ஓலை நரம்போடு பிளக்கும். ஒரே நரம்பில் இரண்டு துளை விழுந்தால் நூல் இழுத்ததும் கீறல் ஓடிவிடும். துளைகளை ஏறுமாறாக, 5 மி.மீ. தள்ளி வையுங்கள். நூலை மட்டும் தனியாக உப்பேற்றிக் கோக்க நினைக்காதீர்கள், ஓலைக்குள் இழுக்கும்போது படிகம் உதிரும். தைத்த பிறகு முழுத் துண்டாக நீரில் இறக்க வேண்டும்.

உள்சட்டம் பனை மட்டை, கட்டு பனை நார். கம்பி தேவைப்பட்டால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டாம். துத்தநாகம் வெள்ளைப் பொடியாகி, பிறகு துரு. சாதாரண 304 எவர்சில்வரும் கடற்கரையில் பழுப்புத் தட்டும், 316 கேட்டு வாங்குங்கள்.

வாடைக்காற்று

ஒரு எச்சரிக்கை. சிற்பத்துக்குக் கரையில் பொறுக்குவது என்று ஆரம்பித்தால் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எதையும் தொடாதீர்கள். செத்து ஒதுங்கிய பவளத் துண்டும் சேர்த்துத்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலி இருக்கும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தேவாலயக் கல்லும் அப்படியே இருக்கட்டும்.

கணவாய் ஓடு ஒதுங்கும், கடல் நுரை என்று விற்பார்களே, அது போதும். நகத்தாலேயே செதுக்கலாம். பழைய தூரிகையால் தேய்த்தால் மென்பகுதி போய் அலைவரிகள் வரிவரியாக எழும்பும்.

மணல்திட்டு

திட்டத்தை மாற்றிவிட்டேன். ஓவியம் பங்குனியில் தொடங்கும். நூலும் ஓலையும் வைகாசியில் ஜிப்சம் பாத்திக்கு, ஆனியில் உப்புப் பாத்திக்கு. மூன்று சிற்பத்தில் ஒன்று பெட்டிக்குள், இரண்டு வெளியே. ஒழுகும் உப்புநீர் கீழே என்ன ஆக வேண்டும் என்பதுதான் பாக்கி. கடுக்காய், அன்னபேதித் துணியை அடியில் விரித்தால்?

ஊசிமுனை

விரிக்கலாம், ஆனால் எம்பிராய்டரி செய்த துணியை வேண்டாம் தம்பி. உப்பும் இரும்பும் சேர்ந்தால் துணி அந்த இடத்தில் இற்றுவிடும். தைக்காத வெறும் துணி ஒன்றைச் சாயமிட்டு அடியில் போடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளை வளையம், விளிம்பில் துரு. வாரம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். தரை சிமெண்ட் என்றால் துணிக்கடியில் பிளாஸ்டிக் தாள் அவசியம், உப்பு சிமெண்டுக்குள் இறங்கினால் அடுத்த மழைக்கு அது பூத்துக்கொண்டே இருக்கும்.